கரூரில் விழாத குண்டு

கல்யாணத்துக்கு முன்பே மாமியாரைச் சாக்கடையில் தள்ளிய பெண் தமிழ்நாட்டிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். (கல்யாணத்துக்குப் பிறகு தள்ளியவர்கள் இருக்கலாம். அது வேறு கதை.) இதை என் வாயாலேயே சொல்லிவிடுவது நல்லது. கரூரில் எங்கள் தெருவில் யாரிடம் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள், அதுவும் கூட நாலு வரி சேர்த்து.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. ஆவடி சேக்காட்டில் வீடு. தாத்தா காலம் வரை அடுத்தவர் வயலில் நாற்று நட்ட குடும்பம்; நைனா டாங்கி தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் வீட்டுக்கு ஓடு வந்தது. நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் மின்சார மீட்டருக்குச் செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவிலிருந்து டிபன் பாக்ஸோடு ரயிலேறி வேலைக்குப் போன முதல் பெண் என்பதால் நடையில் கொஞ்சம் அலட்டல் இருக்கும். (கொஞ்சமா? எதிரில் வரும் எருமைகூட ஒதுங்கும்.)

அந்த ரயிலில்தான் சுந்தரம் பழக்கமானார். அதே எஸ்டேட்டில் வேறொரு கம்பெனியில் ஸ்டோர் கிளார்க், கரூர்க்காரர். ஆறு மாதம் பார்த்துக்கொண்டோம், ஆறு மாதம் பேசிக்கொண்டோம். திடீரென்று அவருடைய அப்பா இறந்துபோக, தனியாகிவிட்ட அம்மாவுக்காக வேலையை விட்டுவிட்டு ஊருக்கே போய் ஒரு தறிப்பட்டறையில் சேர்ந்துவிட்டார். அங்கிருந்து கடிதம் வந்தது. கல்யாணம் செய்துகொண்டு கரூருக்கு வருவீர்களா என்று கேட்டிருந்தார். வர முடியாது என்றால் வருத்தப்படுவேன், கோபப்பட மாட்டேன் என்றும் எழுதியிருந்தார்.

எனக்கு அவரைப் பிடிக்கும். வேலையையும் பிடிக்கும், தை பிறந்ததும் என்னை நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். கரூரைத்தான் எனக்குத் தெரியாது. அது எப்படிப்பட்ட ஊர்? அங்கே பெண்கள் வேலைக்குப் போவார்களா? சினிமாக் கொட்டகையில் பெண்களுக்குத் தனி வழி உண்டா? ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கேள்விகளாக எழுத ஆரம்பித்தேன். வாரம் பத்துக் கேள்வி அனுப்புவேன். அவரும் பரீட்சை எழுதுகிற மாதிரி எண் போட்டுப் பதில் எழுதுவார். கடற்கரை உண்டா என்று ஒருமுறை கேட்டேன். கடற்கரை இல்லை, அமராவதி ஆறு இருக்கிறது, அதில் சில மாதம் தண்ணீரும் இருக்கும் என்று எழுதினார். (நான் மெரினாவுக்குப் போனது அதுவரை மொத்தமே இரண்டு முறை. கேட்பதற்கு என்ன!)

நைனாவுக்கு விஷயம் தெரிந்தபோது வீடு இரண்டுபடும் என்று பயந்தேன். அம்மாதான் ஒரு வாரம் பேசாமல் இருந்தாள். நைனா சட்டையை ஆணியில் மாட்டிக்கொண்டே சொன்னார்:

"புள்ளயப் பத்தி நான் விசாரிச்சிட்டேன், நல்ல மாதிரி. ஊரு எப்டி கீதுன்னு நீ போய்ப் பாத்துகினு வா. அங்க வாழப் போறவ நீதான்."

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வீடு பார்க்கப் பெரியவர்கள்தான் போவார்கள். பெண்ணை அழைத்துப் போகும் வழக்கமே கிடையாது. ஆனாலும் நான் கரூருக்குப் போகக் கார்த்திகையில் நாளும் குறித்தாயிற்று. அந்த நேரம் பார்த்துப் பாகிஸ்தானோடு போர் வந்தது. தொழிற்சாலையில் யாருக்கும் லீவு இல்லை. ஆகவே என்னோடு கிளம்பியவர் அம்மாவின் தம்பி தனகோடி மாமா. ஆவடி மார்க்கெட்டில் சைக்கிள் கடை வைத்திருந்தார். சாப்பாட்டைத் தவிர வேறெதிலும் அவசரப்படாத மனிதர்.

போர் என்றதும் ஆவடிக்கே ஒரு மிடுக்கு வந்துவிட்டது. டாங்கி செய்கிற ஊர் என்பதால் முதல் குண்டு நமக்குத்தான் என்று டீக்கடையில் பெருமையாகப் பேசிக்கொண்டார்கள். ஜன்னல் கண்ணாடிக்குக் கறுப்புத் தாள் ஒட்டினோம், தெருமுனையில் பதுங்குகுழி வெட்டினோம். தொழிற்சாலையில் ஷிஃப்டுக்குச் சங்கு ஊதுவதை நிறுத்திவிட்டு மணி அடித்தார்கள். இனிமேல் சங்கு ஊதினால் அது விமானத் தாக்குதலுக்கு மட்டும்தான் என்று தெருத்தெருவாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

எங்கள் கம்பெனியில் தற்காப்புப் பயிற்சிக்கு ஒவ்வொரு பிரிவிலும் ஒரு ஆள் எடுத்தார்கள். கம்பி சுற்றும் பிரிவில் நான். கையில் கட்ட ஒரு பட்டையும் கழுத்தில் மாட்ட ஒரு விசிலும் கொடுத்தார்கள். போதாதா? சங்கு ஊதியதும் பள்ளமான இடத்தில் குப்புறப் படுக்க வேண்டும், காதைப் பொத்த வேண்டும், பற்களுக்கு நடுவில் துணியைக் கடித்துக்கொள்ள வேண்டும், முதியவர் யாராவது பக்கத்தில் இருந்தால் அவர்களைப் படுக்கவைத்து மேலே கவிழ்ந்து மறைக்க வேண்டும். தூக்கத்தில் எழுப்பினாலும் செய்வேன். எங்கள் தெருவில் நான் படுக்கவைக்காத கிழவர் பாக்கி இல்லை.

கரூரில் சுந்தரம் வீட்டு வாசலில் நாங்கள் இறங்கியபோது காலை பத்து மணி இருக்கும். அவருடைய அம்மா ஒல்லியாக, உயரமாக, சந்தன நிறப் புடவையில் நின்றுகொண்டிருந்தார். அதிகம் பேசவில்லை. பார்வை மட்டும் என்னை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை அளந்தது. தறிப்பட்டறைவரை போய்விட்டு வருவதாகச் சொல்லிச் சுந்தரம் கிளம்பினார். மாமா பஜ்ஜித் தட்டோடு உட்கார்ந்துவிட்டார். நான் நோட்டுப் புத்தகமும் கையுமாகத் துருதுருவென்று இருப்பதைப் பார்த்து, வா கண்ணு, தெருவைக் காட்டுறேன் என்று அத்தையே எழுந்தார்.

மெட்ராஸ் பெண் வந்திருக்கிறாள் என்று வாசலுக்கு நாலு பேர் நின்றார்கள். எனக்கோ பார்க்கப் பார்க்க ஆச்சரியம். வீட்டுக்கு வீடு தறிச் சத்தம். கொடிகளில் பச்சையும் சிவப்புமாக நூல் காய்ந்தது. தெருவோரச் சாக்கடையில் தண்ணீர் நல்ல நீலமாக ஓடியது. இது ஏன் அத்தை நீலமாக ஓடுகிறது என்று கேட்டேன். பின்தெருவில் சாயம் போடுகிறார்கள், நேற்று சிவப்பாக ஓடியது என்றார். அதை எழுதிக்கொள்ளப் பேனாவைத் திறந்தேன்.

அப்போதுதான் சங்கு ஊதியது.

அது நகராட்சிச் சங்கு. பகல் பன்னிரண்டு மணிக்கு நாள் தவறாமல் ஊதுவது. ஊரே அதைக் கேட்டுக் கடிகாரத்தைச் சரிசெய்து கொண்டிருந்தது. நான் மட்டும் அத்தையின் இடுப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரிந்த ஒரே பள்ளத்தில் விழுந்தேன். அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். விதிப்படி அந்த வாயில் என் கைக்குட்டையைத் திணித்தேன். தலையைத் தூக்கினார், அமுக்கினேன். மேலே கவிழ்ந்து மறைத்தேன். தெருவில் நின்றவர்களைப் பார்த்து, படுங்க, எல்லாரும் படுங்க என்று கத்தியதும் நான்தான்.

யாரும் படுக்கவில்லை. சங்கு நின்றது. அதோடாவது எழுந்தேனா? இல்லையே! ஆபத்து நீங்கியதற்கு இன்னொரு சங்கு ஊத வேண்டும், அதுவரை அசையக்கூடாது என்பது பயிற்சி. நானும் அசையவில்லை, அத்தையையும் அசையவிடவில்லை. சுற்றிலும் கால்கள் கூடின. அவற்றுக்கு நடுவில் மாமாவின் செருப்பு தெரிந்தது.

"இன்னா பாப்பா, இன்னா பண்ணிகினு கீற? அந்தம்மாவ உடு," என்றார், வாயில் பஜ்ஜியோடு.

யாரோ ஒரு பெண் சிரித்தாள். அப்புறம் தெருவே சிரித்தது. அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது. வெட்கத்தில் உடம்பு முழுக்கச் சுட்டது. எழுந்தால் இத்தனை முகங்களைப் பார்க்க வேண்டுமே என்று எழாமலே கிடந்தேன். ஊர் எனக்குச் சரிப்படுமா என்று ஒரு நோட்டு நிறையக் கேள்வி எழுதியவள் நான். இவர்களுக்கு நான் சரிப்படுவேனா என்று ஒரு கேள்விகூட எழுதவில்லை. எல்லாம் முடிந்தது, சுந்தரத்தையும் சேர்த்து இந்தச் சாக்கடையில் தொலைத்துவிட்டேன் என்று அழுகை முட்டியது.

கூட்டம் விலகியது. சுந்தரம் வந்திருந்தார், வெள்ளைச் சட்டையில். ஒரு பார்வை பார்த்தார். சிரிக்கவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அந்த நீலத் தண்ணீரில் என் பக்கத்தில் குப்புறப் படுத்துவிட்டார்.

"இன்னும் எவ்வளவு நேரம் படுத்திருக்கணும், வசந்தா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"அடுத்த சங்கு வரைக்கும்," என்றேன். வேறென்ன சொல்வது?

"அடுத்த சங்கு சாயங்காலம் அஞ்சு மணிக்கு. நான் இருக்கேன். அம்மாவை மட்டும் எழுப்பி விட்டுடலாமா?"

வேலை, ரயில், நிரந்தரம் எல்லாவற்றையும் நான் விட்டது அந்த இடத்தில்தான். ஊரைப் பற்றி இன்னும் ஒன்றும் தெரியாது. இந்த மனிதர் பக்கத்தில் இருந்தால் எந்த ஊராக இருந்தால் என்ன என்று தோன்றிவிட்டது. ஆனால் முடிவு சொல்ல வேண்டியது இப்போது நான் இல்லை, அத்தையாயிற்றே!

மூன்று பேரும் கிணற்றடியில் எவ்வளவு தேய்த்தும் நீலம் போகவில்லை. நோட்டுப் புத்தகம் கூழாகிவிட்டது. இலை போட்டுச் சாப்பாடு பரிமாறினார்கள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். மாமா மட்டும் மூன்றாவது தடவை ரசம் வாங்கிக்கொண்டார், இனிமேல் இந்த வீட்டில் கிடைக்காது என்ற முகத்தோடு. மோர் ஊற்றும்போதுதான் அத்தை கேட்டார்:

"ஊரு பாக்கத்தானே கண்ணு வந்தே? புடிச்சுதா?"

"ஊரை எங்கே அத்தை பார்த்தேன்? சாக்கடையைத்தான் பார்த்தேன்."

அவர் நீலக் கையால் என் இலையில் இன்னும் கொஞ்சம் மோர் ஊற்றினார்.

"இந்த ஊர்ல அதவிட மோசமா ஒண்ணும் இல்ல. அதப் பாத்துப்போட்டே. இனி மிச்சமெல்லாம் நல்லாத்தான் இருக்கும்."

தை மாதம் எனக்கு நிரந்தர வேலைக்கான கடிதம் வந்தது. அதே வாரம் ராஜினாமாக் கடிதம் கொடுத்தேன். கொடுத்துவிட்டு ரயிலில் ஆவடிவரை அழுதுகொண்டே வந்தேன், அதையும் சொல்லத்தான் வேண்டும். பங்குனியில் கல்யாணம். கரூரில் எங்கள் தெருவில் எனக்கு 'ஏரோப்ளேன்காரி' என்று பெயர் வைத்திருந்தார்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோதுகூட, ஏரோப்ளேன்காரி பிள்ளைகளா என்றுதான் கேட்டார்கள்.

எனக்கும் அத்தைக்கும் சண்டை வராமல் இல்லை. புளியைக் கரைப்பதிலிருந்து பிள்ளைக்குப் பெயர் வைப்பதுவரை எல்லாவற்றுக்கும் வந்தது. சண்டை முற்றிய நாட்களில் பக்கத்து வீட்டுப் பெண்கள் எண்ணெய் ஊற்ற வருவார்கள், அன்றைக்கே உங்களைச் சாக்கடையில் தள்ளினவள்தானே இவள் என்று. அத்தை அவர்களை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்.

"தள்ளிட்டுத் தான் மட்டும் ஓடலயே. குண்டு விழுந்தா தம்மேல விழட்டும்னு எம்மேல கவுந்து படுத்தா. உங்க மருமவளுகள்ல ஒருத்தி படுப்பாளா?"

அவர்கள் போன பிறகு அத்தை என் பக்கம் திரும்பி, விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்வார்.