ஒரு சஹன் சோற்றுக்கு ஒரு மௌத்து

யாரைச் சாகடிக்கலாம் என்று தௌசீஃப் யோசித்துக்கொண்டிருந்தான். சீக்கிரம் யோசிக்க வேண்டும். செஸ் கிளாசுக்குப் பிள்ளைகளை ஏற்றிப்போகும் ஆட்டோ இப்போது வந்துவிடும்.

பாவம், அவனும் என்னதான் செய்வான்? ராயப்பேட்டையில் அவனுடைய மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. மற்ற நாளெல்லாம் அவன் கடையடைத்து வருவதற்குள் பிள்ளைகள் இஃப்ராவும் ஆசிஃபும் கீபோர்டு, இந்தி, ஸ்கேட்டிங் என்று அலைந்து களைத்துத் தூங்கியிருப்பார்கள். வெள்ளிக்கிழமையைச் செஸ் விழுங்கிவிட்டது. போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, அவன் கணக்குப் பார்க்கக் கடைக்குப் போயிருந்தபோது, "மாஸ்டர் லீவு விட்டுட்டாரு அத்தா" என்று இரண்டும் கடைக்கே வந்து அவனோடு சமோசா தின்றன. அன்றிலிருந்து பாழும் மனசு கேட்கவில்லை. நாலு பேரும் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடும் பெரிய தட்டான சஹனைப் பரணிலிருந்து இறக்கிக் கழுவியே வைத்துவிட்டான்.

ஆனால் செஸ் மாஸ்டர் லேசில் லீவு தரமாட்டார். காய்ச்சல் என்றால் டாக்டர் சீட்டு கேட்பார். துக்கம் என்றால்தான் மறுபேச்சு இல்லை.

மனைவி வஜீஹா அடுப்படியில் இருந்த நேரம் பார்த்து, அவள் போனிலிருந்தே மாஸ்டருக்குச் செய்தி அனுப்பினான். வேலூரில், பிறக்கவே பிறக்காத ஒரு பெரியத்தா மௌத்தாகிவிட்டார். அவளிடம், "இன்னிக்கு செஸ் இல்லையாம்" என்று சொல்லிவிட்டுக் கீழே ஓடினான்.

ஆட்டோக்கார பாலு ஹாரன் அடித்தார். "இன்னா சார், பசங்க ரெடியா?"

"வரல பாலு. வீட்ல ஒரு மௌத்து."

"அய்யய்யோ! யாரு சார் பூட்டாங்க?"

அந்தக் குரல் தெருக்கோடி வரை கேட்டது. கீழ்வீட்டு மஹ்விஷ் அக்காவுக்குக் கேட்காமல் இருக்குமா? கொஞ்ச நேரத்தில் ஒரு தேக்சா குஸ்காவும் தால்ச்சாவுமாக மாடியேறி வந்துவிட்டார்.

"மௌத்து வீட்ல அடுப்பு எரியக் கூடாது தம்பி."

"மெதுவா பேசுங்கக்கா! வஜீஹாவுக்கு இன்னும் தெரியாது. தாங்க மாட்டா."

மஹ்விஷ் அக்கா தலையாட்டினார். நேராக உள்ளே போய் அடுப்பை அணைத்தார். வஜீஹாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "தைரியமா இரும்மா. எல்லாம் அல்லா பாத்துப்பான்" என்று விம்மினார்.

வஜீஹாவின் முகம் வெளுத்தது. முந்தின நாள்தான் ரத்தப் பரிசோதனைக்குக் கொடுத்திருந்தாள்.

"ஏங்க, என் ரிப்போர்ட் வந்துடுச்சா?"

"இல்லடி!"

"மறைக்காதீங்க!" அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நான் போனாலும் பிள்ளைங்க கிளாஸை மட்டும் நிறுத்திடாதீங்க!"

இனி முடியாது சாமி என்று தௌசீஃப் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். வஜீஹாவின் கரண்டி அவன் காதோரம் பறந்தது. மஹ்விஷ் அக்கா சிரித்துச் சிரித்துப் புரையேறி, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் இறங்கிப்போனார்.

"ஒருவேளைச் சோத்துக்கு ஒரு ஆளையே கொல்லுவீங்களா? எங்கிட்ட வாயைத் திறந்து கேட்டா என்ன?" வஜீஹா கண்ணைத் துடைத்துக்கொண்டே சஹனில் குஸ்காவைக் கொட்டினாள்.

நாலு பேரும் சுற்றி உட்கார்ந்தார்கள். ஆசிஃப் தால்ச்சாவுக்குள் உருளைக்கிழங்கு தேடினான். இஃப்ரா தன் பக்கத்து முட்டையை அத்தா பக்கம் தள்ளினாள். தௌசீஃப் அதைப் பாதியாகப் பிட்டு அவளுக்கே ஊட்டினான். இதற்காக இன்னும் நாலு பெரியத்தாக்களைக்கூடக் கொல்லலாம் என்று அவனுக்குத் தோன்றியது.

அப்போது அழைப்புமணி அடித்தது. தௌசீஃப் எழுந்துபோய்க் கதவைத் திறந்தான். வேட்டி கட்டிய ஒருவர், கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு நின்றார்.

"நான் ராமானுஜம், செஸ் மாஸ்டர். வேலூர்ப் பெரியவர் தவறிட்டார்னு செய்தி வந்தது, கிளாஸ் முடிஞ்சதும் துக்கம் விசாரிச்சுட்டுப் போலாம்னு வந்தேன். நீங்க யாரு?"

"இஃப்ராவோட அப்பா சார்."

மாஸ்டர் ஒரு அடி பின்னால் போனார். உள்ளே சஹனில் இஃப்ராவின் கை அப்படியே நின்றது.

"அம்மாகிட்ட கேட்டுடாதீங்கோ, தாங்க மாட்டாங்கன்னு குழந்தை சொன்னாளேன்னு, போன மாசம் உங்களுக்காக நாங்களே கிளாஸ்ல எழுந்து நின்னு மௌன அஞ்சலி செலுத்தினோமே, சார்!"