நாற்பத்தெட்டாயிரத்தின் சிவப்புப் புள்ளி

"மூணுமே அட்டையில படலைங்க சார்!" என்று அந்தக் கோடியிலிருந்து கத்தினாள் தையல்நாயகி. தருமபுரம் ரைபிள் கிளப்பைக் கூட்டிப் பெருக்குவதும் குறியட்டை மாற்றுவதும் அவள் வேலை.

சிவபாலன் படுத்தபடியே தலையைத் தூக்கி எட்டிப் பார்த்தான். புதுச்சேரிப் போட்டிக்குக் காரைக்காலிலிருந்து ஒரே ஒருவர்தான் போகலாம். அந்த ஒருவரைத் தேர்ந்தெடுக்கத்தான் இன்றைக்கு ஆளுக்குப் பத்துக் குண்டு. மூன்று வருடமாக அவன் ஏங்கிக் கிடந்த இடம் அது. அதற்காகவே தன் ஏர் ரைபிளுக்கு நாற்பத்தெட்டாயிரத்தில் குறிபார்க்கும் ஸ்கோப் மாட்டியிருந்தான். பக்கத்தில் படுத்துச் சுட்டுக்கொண்டிருந்த நெடுங்காட்டு விவசாயி முருகானந்தத்தின் ஸ்கோப் மூவாயிரம்தான், அதுவும் தள்ளுபடியில்.

"உங்களுதுல சிவப்புப் புள்ளி தெரியுமாண்ணே?"

"எனக்குக் குறி தெரிஞ்சா போதும் தம்பி."

சிவபாலன் இரக்கத்தோடு சிரித்தான். உள்ளே சிவப்புப் புள்ளி ஒளிரும், அதைக் குறிமேல் வைத்தால் போதும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். முந்தாநாள் எவ்வளவு திருகியும் தெரியாத அந்தப் புள்ளி, ஆயுதபூஜைக்கு மறுநாளான இன்று காலை கண்ணை வைத்ததுமே தெரிந்தது. கொஞ்சம் பெரிசு, கொஞ்சம் ஓரம். சரஸ்வதி கடாட்சம் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தான்.

புள்ளியை நடுவுக்குக் கொண்டுவர ஸ்கோப்பின் மேல் திருகை இரண்டு சுற்று சுற்றினான். நான்காவது குண்டில் கூரைத் தகரம் டங்கென்றது. பக்கத் திருகைச் சுற்றினான். ஐந்தாவது, முருகானந்தத்தின் அட்டை ஓரத்தைக் கிழித்தது. புள்ளி மட்டும் இம்மியும் நகரவில்லை.

"தம்பி, என்னைச் சுட்டுடாதீங்க!" முருகானந்தம் தள்ளிப் படுத்தார்.

பத்துக் குண்டும் தீர்ந்தது. தையல்நாயகி அட்டைகளோடு வந்தாள்.

"அண்ணனுக்குப் பத்தும் நடுவுல. சாருக்கு... அட்டை புதுசாவே இருக்குங்க."

சிவபாலனுக்கு அழுகையே வந்துவிட்டது. ஸ்கோப்பைக் கழற்றி முருகானந்தத்தின் கையில் திணித்தான்.

"இந்தச் சனியனை நீங்களே வச்சுக்குங்கண்ணே. உங்களுதை எனக்குக் குடுங்க."

"அப்புறம் பேச்சு மாறக்கூடாது தம்பி."

"சரஸ்வதி சத்தியமா!"

முருகானந்தம் தன் ஸ்கோப்பைக் கழற்றிக் கொடுத்தார். புதியதைத் துண்டில் பத்திரமாகச் சுற்றிக்கொண்டு பைக்கைக் கிளப்பிப் போய்விட்டார்.

தையல்நாயகிக்கு மனசு கேட்கவில்லை. "அண்ணனோடதை ஏதோ குழாய்த் துண்டுன்னு நெனச்சு நேத்து கிளப் பூஜையில பொட்டு வைக்காம விட்டுட்டேங்க சார். உங்களுது விலை ஒசந்த சாமானாச்சேன்னு கண்ணாடியிலயே குங்குமம் வச்சேன். அப்படியும் பாருங்க, ராசியில்லாம போச்சு!"