தனுஷிகாவின் வதிவிடச் சான்றிதழ்

இத்தால் சகலருக்கும் அறியத்தருவதாவது: இலங்கை மலையகத்து டயகமப் பக்கம், எங்க தேயிலைத் தோட்டத்தில், ஒரே கூரையின் கீழ் பன்னிரண்டு அறை வரிசையாக உள்ள எட்டாம் நம்பர் லயத்தில் இருக்கும் அம்மாக்கண்ணு அக்காவின் மகள் தனுஷிகாவுக்கு, மொரோக்கோவில் ஒரு பல்கலைக்கழகத்தில் சூஃபி ஞானம் படிக்க இடம் கிடைத்தது. கொழுந்தெடுக்கிற குடும்பத்துக்கு அரபு எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். இங்கே கெம்பஸில் பட்டத்துக்குப் போனபோது வேறு பாடத்துக்கு இடமில்லை என்று அரபுக்குத் தள்ளினார்கள். பிள்ளை அதையே உயிராகப் பிடித்துக்கொண்டது.

மொரோக்கோக்காரர் கேட்டது ஒரேயொரு கடதாசி, வதிவிடச் சான்றிதழ். வெள்ளிக்கிழமைக்குள் போகாவிட்டால் இடம் வேறு ஆளுக்கு.

கிராம சேவகர் ஜீவராஜ் படிவத்தை எடுத்தார்.

"வீட்டு இலக்கம், வீதி சொல்லுங்க."

"எட்டாம் நம்பர் லயம், ஆறாவது காம்பரா சார்."

"லயம் வீடு இல்லையே, தோட்டத்துச் சொத்து. தோட்டத்து ஆபிஸ்ல கடிதம் வாங்கிட்டு வாங்க."

ஆபிஸில் பெரிய கிளாக்கர் கணேசமூர்த்தி வேலைக்காரர் பேர்ப் புத்தகத்தைப் பார்த்தார். அம்மாக்கண்ணு அக்கா போன வருஷம் வேலையிலிருந்து நின்றுவிட்டாள்.

"வேலை செய்றவங்கதான் இங்க குடியிருக்கலாம். ஒங்க வீட்ல யாரும் வேலை செய்யல. அதனால ஒங்க வீட்ல யாரும் இல்ல."

"நான் இங்கதானே பொறந்தேன், கிளாக்கரையா."

"பொறந்ததுக்கு நாங்க பொறுப்பில்ல. அது சரி, என்னம்மா படிக்கப் போற?"

"'நான்'ங்கிறத இல்லாம ஆக்குறதப் பத்திங்கையா. பெரிய ஞானிங்களே அதுக்கு நாப்பது வருஷம் பாடுபட்டிருக்காங்க."

"நாப்பது வருஷமா? நம்ம ஆபிஸ்ல அரை மணித்தியால வேலை."

சொன்ன சொல் தவறாத மனுஷன். டைப் அடித்து, சீல் குத்திக் கொடுத்தார்: "மேற்படி தனுஷிகா என்பவர் இத்தோட்டத்தில் வசிக்கவில்லை எனவும், பிறிதோரிடத்தில் வசிப்பதற்கும் ஆதாரமில்லை எனவும் இத்தால் உறுதிப்படுத்துகிறேன்."

லயத்து வாசலில் உட்கார்ந்து அந்தப் பிள்ளை அழுதது. வேறு வழியில்லாமல் அதையே அரபில் மொழிபெயர்த்து அனுப்பினாள்.

வியாழக்கிழமையே பேராசிரியரிடமிருந்து பதில். "எங்கள் மாணவர்கள் எத்தனையோ நூல்களைப் படித்தும் எட்டாத நிலையை, நீங்கள் அலுவலக முத்திரையுடன் அடைந்திருக்கிறீர்கள். முதலாம் வருடப் படிப்பிலிருந்து விலக்களிக்கிறோம். உடனே வரவும்."

போனாள். போன அன்றே விடுதி அட்டை கொடுத்துவிட்டார்கள். பேர், படம், அறை பதினாலு, வீதி, நகரம். அதைப் படம் பிடித்து வாட்ஸப்பில் அனுப்பினாள்.

"முப்பத்தாறு வருஷம் கொழுந்து எடுத்தேன். எனக்குக் கிடைக்காத வெலாசம் இவளுக்கு ஒரே நாள்ல கிடைச்சிருச்சே" என்று அம்மாக்கண்ணு அக்கா சிரித்தாள். கண் கலங்கித்தான் இருந்தது.

விஷயம் கேட்ட கிராம சேவகருக்கு, படிவத்தில் நிரப்ப ஒரு வீதி கிடைத்த சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "மகளுக்கு வெலாசம் இருக்கு. தாய் மகளோட இருக்கிறதா எழுதிறலாம்" என்று அக்காவை அறை பதினாலில் பதிந்தார். அடுத்த காம்பரா மாயாண்டி அண்ணன் அக்காவுக்குச் சொந்தம், அவரும் அங்கே. மாயாண்டிக்கு ராசம்மா சொந்தம். ராசம்மாவுக்கு நான். ஒரு கிழமைக்குள் பன்னிரண்டு காம்பராவும் மொரோக்கோவுக்குக் குடிபோய்விட்டது. ஆளுக்கொரு சான்றிதழ். நாங்களும் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை, பிளாஸ்டிக் உறை போட்டு வைத்துக்கொண்டோம்.

பெரிய கிளாக்கரும் ஆட்சேபிக்கவில்லை. ஒரேயொரு நிபந்தனைதான் போட்டிருக்கிறார்: எந்த நாட்டில் குடியிருந்தாலும், காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்கு ஏழு மணிக்கு பேர்ப் புத்தகத்தில் உள்ள எல்லாரும் இங்கே வந்து நிற்க வேண்டும். பிந்தினால் அரை நாள் சம்பளம், அரைப் பேர்தான்.