உப்பிய கன்னத்தில் குடியேறிய அருள்

எங்கள் மலையூர் கோச்கோர் சந்தைக்கு ஆடு விற்க வந்தவர்கள்கூட ஆட்டை மறந்து நாட்டு வைத்தியர் மாமிர்குலின் கூடாரத்து முன்னால் வரிசை கட்டினார்கள். மூட்டுவலிக்கு மலைப்பொடி! மூன்றே நாளில் முடவன் குதிரை ஏறுவானாம். பிறகு முகம் உப்புமாம். மலையருள் உடம்பில் குடியேறிய அடையாளமாம். எங்கள் ஊரில் உருண்டை முகம் என்றால் வளமான வீடு. விடுவார்களா? ஒருவர் கன்னத்தை ஒருவர் கிள்ளிப் பூரித்துப் போனார்கள். ஒரே நிபந்தனை: ஆஸ்பத்திரியில் பொடியைப் பற்றி வாய் திறந்தால் அருள் ஓடிவிடும். அடேயப்பா, அருளுக்கு டாக்டரைக் கண்டால் அத்தனை பயம்!

என் பக்கத்து வீட்டு பாத்மா, மகள் கல்யாணத்தில் வலியில்லாமல் ஆட வேண்டுமென்று இரண்டு மாதம் தின்றாள். முழங்கால் ஆட்டத்துக்குத் தயாரானது, ஆனால் கல்யாணத்துக்கு முன்பே ஆள் மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் பார்த்தால் ரத்தத்தில் சர்க்கரை நானூறைத் தாண்டியிருந்தது. மருந்தே சாப்பிடவில்லை என்று சாதித்தாள்.

நர்ஸ் ஜிபர்குல் விடவில்லை. "அக்கா, மருந்தை விடு. வாயில என்ன போட்டேன்னு சொல்லு. கண்ணு போயிட்டா மகளை மணக்கோலத்துல யார் பாக்குறது?"

பாத்மா அழுதுகொண்டே பொட்டலத்தை எடுத்து நீட்டினாள்.

ஜிபர்குல் மருந்துகளின் பக்கவிளைவைத் தலைநகருக்குத் தெரிவிக்கும் படிவத்தை எடுத்தாள். அருளை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று பெரிய டாக்டர் தலையைச் சொறிந்தார். என்ன விழுங்கினாள், அப்புறம் என்ன ஆச்சு என்றுதான் படிவம் கேட்கிறது, சந்தேகம் இருந்தாலே எழுதலாம் என்றாள் அவள். பக்கத்து ஊர்களுக்கும் போன் போட்டாள். பதினொரு உப்பிய முகங்கள், பதினொரு படிவங்கள். எல்லாம் பொடியோடு தலைநகருக்குப் போயின.

அதிகாரிகள் சோதனை முடிவோடு சந்தைக்கு வந்தார்கள்: அரைத்த ஸ்டீராய்டு மாத்திரை; வலியை அமுக்கும், முகத்தை உப்ப வைக்கும், சர்க்கரையை ஏற்றும். கூட்டம் நம்பவில்லை. காகிதத்தை யார் நம்புவார்கள்?

ஜிபர்குல் கரண்டி நிறையப் பொடியை அள்ளினாள். "வைத்தியரே, உங்க கன்னம் மட்டும் ஏன் ஒட்டிக் கிடக்கு? மூணு வேளை, ஒரு மாசம், எங்க முன்னாடி சாப்பிடுங்க."

மாமிர்குல் பதறிப்போய்க் கையைத் தட்டிவிட்டார். "எனக்குச் சர்க்கரை இருக்கும்மா, இது ஆகாது!"

அப்புறம் சந்தையே சிரித்தது. அதிகாரிகள் கூடாரத்துக் கம்பளத்தைத் தூக்கினால், அடியில் மூட்டை மூட்டையாகக் காலி மாத்திரை அட்டைகள். ஆத்திரத்தில் பொட்டலங்களை வீசப்போனவர்களை ஜிபர்குல் தடுத்தாள்.

"உடம்பு இதுக்குப் பழகிப் போச்சு, ஒரே நாள்ல விட்டா உயிருக்கே ஆபத்து. ஆஸ்பத்திரிக்கு வாங்க, பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாத்தான் நிறுத்தணும். ஏமாறுறதை இன்னைக்கே நிறுத்தலாம். அதுக்குப் பக்கவிளைவே கிடையாது."