மூன்றடி தள்ளி நின்று பாருங்கள்

பதுளைப் பக்கம் நல்ல உத்தியோகம் பார்த்து, சொந்த வீடு கட்டி, வரவேற்பறைக்குச் சாம்பல் நிறம் அடித்துவிட்ட ஆண்களிடையே அண்மையில் ஓர் இனம் பெருகி வருகிறது, வாசகர்களே. பெயர், சுவர் ரசிகர். கடிக்காது. பிடித்தால் விடாது.

எப்படி அடையாளம் காண்பது? வீட்டுக்கு வந்தவரை உட்காரச் சொல்லமாட்டார். செருப்பைக் கழற்றிய கையோடு தோளைப் பிடித்துச் சுவருக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, "மூணடி தள்ளி நில்லுங்க. பாக்காதீங்க, உணருங்க" என்பார். நீங்கள் உணர்ந்து முடிப்பதற்குள் தேநீர் ஆறிவிடும்.

மாதிரிக்கு, வங்கியில் வேலை பார்க்கும் தினேஸை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு முன்பே அவரைக் கணவனாக நிஷாந்தினி எடுத்துக்கொண்டுவிட்டாள், பாவம். தோட்டத்து லயத்தில், ஒற்றைக் காம்பராவில் கால் நீட்ட இடமில்லாமல் படுத்து வளர்ந்தவர், இப்போது சுவரில் வெற்றிடம் போதவில்லை என்று மூச்சுத் திணறுகிறார். அந்த வெற்றிடத்தின் நடுவில்தான் அது தொங்குகிறது. ஐரோப்பாவில் யாரோ ஓர் அம்மையார் அந்தக் காலத்தில் திரைச்சீலை நெய்வதற்காக வரைந்த வடிவம். கறுப்புக் கட்டம், சிவப்புக் கட்டம், எங்கேயோ போகக் கிளம்பி மனம் மாறி நின்றுவிட்ட ஒரு மஞ்சள் கோடு. மங்காத மையில், பருத்திக் கடதாசியில் அச்சடித்து, கண்ணாடி போட்டு, மேலே குட்டி விளக்கும் வைத்தாயிற்று.

"மியூசியத் தரம்" என்பார் தினேஸ். சாப்பிடும்போதும் சொல்வார்.

துணிக்கடை காமில் நானா ஒருநாள் வந்து நின்று, உணர்ந்து, "தம்பி, இது பெட்ஷீட் டிசைன்தானே? எங்கட கடைல நல்லா ஓடிச்சே" என்றார். அன்றிலிருந்து அவருக்குத் தேநீர் வெளி விறாந்தையில்தான்.

சரி, அந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது? நிஷாந்தினியின் அப்பா இராசையா இருந்தார். மடுல்சீமைத் தோட்டத்தில் தேயிலை மூட்டை சுமந்து மகளை ஆசிரியை ஆக்கியவர். பதுளை ஸ்டூடியோக்காரர் இரவல் கொடுத்த கோட்டில், சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாத முகத்தோடு இருந்தார். அவருடைய படம் வேறு கிடையாது. "கட்டத்தோட ஒத்துவரலம்மா" என்று தினேஸ் அதைத் துவாயில் சுற்றி அலுமாரிக்கு மேலே ஏற்றிவிட்டார்.

அவள் கேட்டாள். கெஞ்சினாள். சண்டையும் போட்டாள். அப்பாவின் திவசம் வந்தது. "இன்னிக்கு ஒருநாளாவது அப்பாவ சுவருக்குக் கொண்டு வாங்களேன்!"

"குசினியில ஒரு கதிரையில வச்சு வௌக்கேத்து. ஹோல் வேணாம்."

பெற்ற மகள் கண்ணீரை முந்தானையில் துடைத்துக்கொண்டு குசினிக் கதிரையைத் துடைத்தாள்.

மடுல்சீமை பஸ்ஸில் சொந்தங்கள் வந்து இறங்கின. முன்னால் வந்தவர் இராசையாவின் தங்கை தனலெட்சுமி. இரண்டு கண்ணிலும் புரை, கையில் சாமந்தி மாலை. செத்தவர் படத்துக்கு மேலே சின்ன விளக்கு எரியும். அது எல்லா வீட்டு வழக்கம். மங்கலாக ஒரு விளக்கு, அதன் கீழே பெரிய சட்டகம். அத்தைக்கு வேறென்ன வேண்டும்? நேரே போய் மாலையைப் போட்டார். குழைத்த சந்தனத்தைச் சிவப்புக் கட்டத்தின் நெற்றியில் அப்பினார். குங்குமம் வைத்தார். பிறகு மாரில் அடித்துக்கொண்டார்.

"ஐயோ அண்ணே! ஒங்க மொகமே தெரியலையே அண்ணே!"

கண் தெரிந்த சொந்தங்கள் என்ன செய்தார்கள்? ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அழுகிற அத்தையிடம் யார் சொல்வது? வரிசையாக வந்து மஞ்சள் கோட்டுக்குப் பூப்போட்டுக் கும்பிட்டார்கள்.

"தொடாதீங்க அத்தை! மியூசியத் தரம்!" தினேஸ் கைக்குட்டையோடு பாய்ந்தார்.

"ஏன் மாப்ள, எங்க அண்ணனத் தொட எனக்கு உரிமை இல்லியா?"

குசினி வாசலில் நிஷாந்தினி நின்றாள். நெஞ்சோடு அணைத்தபடி படம். "அத்தை, அப்பா இங்க இருக்காரு."

அத்தை கைநீட்டி அதைத் தடவினார். பிறகு சுவரைப் பார்த்தார். "அப்ப இது யாருடி?"

சொந்தங்கள் தினேஸ் பக்கம் திரும்பினார்கள். கடைசியில் தினேஸ், "அது... துணி டிசைன் அத்தை."

"சீலத்துணிக்கு லைட்டு. எங்க அண்ணனுக்கு அடுப்படியா?"

"அப்பா சுவருக்கு வராம இன்னிக்கு இந்த வீட்ல சாப்பாட்டு இலை விழாது" என்றாள் நிஷாந்தினி. சத்தம் போடவில்லை. அதனால்தான் தினேஸ் பயந்தார். மாலையோடு சட்டகம் இறங்கியது. கோட்டுப் போட்ட இராசையா ஏறினார்.

நல்ல முடிவு என்று பெருமூச்சு விடுகிறீர்களா? சுவர் ரசிகரை நீங்கள் இன்னும் அறியவில்லை. கொஞ்ச நாளில் அப்பாவின் பழைய சட்டகம் காணாமல் போனது. சுற்றிலும் அகல வெள்ளை விட்டு, மெல்லிய கறுப்புச் சட்டகம் வந்தது. வங்கி முகாமையாளர் வந்தார். தோளைப் பிடித்துக் கொண்டுவந்து நிறுத்தினார் தினேஸ்.

"மலையக உழைப்போட உருவம், சேர். அந்தக் கண்ணுல இருக்கிற வெறுமைய உணருங்க."

"அருமை. யார் இவர்?"

"பெயர் தெரியாத ஒரு தொழிலாளி."

தேநீர்த் தட்டை மேசையில் வைத்துவிட்டு நிஷாந்தினி சுவரை நோக்கி நடந்தாள். படத்தைக் கழற்றினாள். "பெயர் இராசையா, சேர். எங்க அப்பா. அவர் பேரு தெரிஞ்சவ இருக்கிற எடத்துல இருக்கட்டும்" என்று கொண்டுபோய்க் குசினியில், காலையில் எழுந்து வந்ததும் தன் கண்ணில் படும் சுவரில் தானே மாட்டினாள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் சிரித்து முடித்ததும் உங்கள் வரவேற்பறையில் பெருமையாகத் தொங்குவதைச் சற்றே நகர்த்திப் பாருங்கள். அதன் பின்னால் பழைய ஆணித் துளை ஒன்று இருக்கும். அதில் யார் இருந்தார் என்று சட்டென்று நினைவு வராவிட்டால், என்னைத் தேடி வரவேண்டாம். அலுமாரிக்கு மேலே தேடுங்கள்.