ரஜ்ஜு தட்டிய நாவல்

கூவளநாட்டில் ராஜாவை ஜனங்களே தேர்ந்தெடுத்தார்கள். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை கோட்டை வாசலில் பானை வைப்பார்கள். பிடித்தவருடைய பானையில் ஆளுக்கொரு புளியங்கொட்டை போட்டுவிட்டு வரவேண்டும். வைக்கிற பானை ஒன்றே ஒன்றுதான் என்பதால் குழப்பத்துக்கு இடமே இருந்ததில்லை. அப்படி அமோகமாக ஜெயித்து அரியணை ஏறியவர்தான் பெருங்கீர்த்தி மகாராஜா.

அந்த நாட்டில் பத்திரிகை கிடையாது. தினமும் காலையில் சந்தைத் திடலில் முரசறைந்து சொல்வதுதான் செய்தி. முரசு சொல்லாதது நடக்காதது என்று சட்டமே இருந்தது.

இன்னொரு வழக்கமும் உண்டு. எதைச் சேர்ப்பதானாலும் பத்துப் பொருத்தம் பார்த்துத்தான் சேர்ப்பார்கள். பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் மட்டுமல்ல, மாட்டுக்கும் வண்டிக்கும், மந்திரிக்கும் இலாகாவுக்கும்கூட. அரண்மனைக்குப் பொருத்தம் பார்த்துச் சொல்கிறவர் மாசிலாமணி. நல்ல மனுஷர், ஆனால் பயந்த சுபாவம். ராஜாவின் மைத்துனரையும் கஜானாவையும் சேர்த்தபோது பத்துக்குப் பத்து பொருந்துகிறது என்று எழுதிக் கொடுத்தவர் அவர்தான். அன்று ராத்திரி அவருக்குச் சோறு இறங்கவில்லை. இருந்தாலும் மறுநாள் இறங்கிவிட்டது.

அந்த வருஷம் மழை பொய்த்துப் பெரிய ஏரி வற்றிக்கொண்டிருந்தது. ஒருநாள் காலை முரசு இப்படி அறிவித்தது: "ஏரியின் அளவுகல்லைப் பெயர்த்து இரண்டு ஆள் ஆழம் கீழே இறக்கி நடும்படி மகாராஜா ஆணையிட்டார். அளவுகல் இப்போது நீரில் மூழ்கியிருக்கிறது. ஆகவே ஏரி நிரம்பிவிட்டது. குடிகள் மகிழவும்."

குடிகளோடு சேர்ந்து மகிழ்ந்துவிட்டு, மாசிலாமணி வழக்கம்போல காசிம் ராவுத்தர் கடையில் வாழைக்காய் பஜ்ஜி வாங்கினார். தின்று முடித்து, எண்ணெய்க் காகிதத்தைக் கசக்கப் போனவர் கண்ணில் ஒரு வரி பட்டது. 'ஏரி வற்றியதும் ராஜா அளவுகல்லைக் கீழே இறக்கி நட்டார். கல் மூழ்கியது. ராஜா ஏரி நிரம்பிவிட்டது என்றார்.'

மாசிலாமணிக்கு விக்கல் வந்துவிட்டது.

"ராவுத்தரே, இது என்ன காகிதம்?"

"அதுவா, நம்ம பாத்திரக்கடை அஞ்சுகம்மா எப்பவோ எழுதின நாவலுங்க. இந்த ராஜா பட்டத்துக்கு வரதுக்கு ரொம்ப முந்தி அச்சடிச்சது. ஒருத்தரும் வாங்கல. எடைக்குப் போட்டாங்க, நான் வாங்கி வச்சிருக்கேன். காகிதம் நல்லா எண்ணெய் குடிக்குது."

"இன்னும் ரெண்டு பஜ்ஜி குடுங்க."

பசியில்லாமல் அவர் தின்ற முதல் பஜ்ஜி அதுதான். அதைச் சுற்றியிருந்த தாளில், அரிசி விலை ஏறியதும் ஒரு ராஜா விலையைக் குறைக்காமல் படியைச் சின்னதாக்குகிறார். "ஒரு படி அரிசி பழைய விலைக்கே கிடைக்கிறது பாருங்கள்" என்று பெருமைப்படுகிறார். மறுநாள் காலை முரசு அதையே அறிவித்தபோது மாசிலாமணி சட்டென்று ராவுத்தர் கடைப்பக்கம் திரும்பிப் பார்த்தார். பக்கத்தில் நின்ற பத்துப் பன்னிரண்டு பேரும் அதே பக்கம் திரும்பியதை அவர் கவனித்தார். எல்லோரும் ராவுத்தர் கடை வாடிக்கையாளர்கள்.

அதற்கப்புறம் கடையில் கூட்டம் நெரிந்தது. முரசு நேற்றைச் சொல்லும், பஜ்ஜி நாளையைச் சொல்லும் என்று ஊருக்குள் பேச்சு கிளம்பிவிட்டது.

அரண்மனைக்குச் சங்கதி எட்டியது. மகாமந்திரி வித்யாபதி முதலில் பஜ்ஜியைக் காகிதத்தில் மடித்துத் தரக்கூடாது என்று ஆணை போட்டார். ஜனங்கள் சுடச்சுடக் கையில் வாங்கிக் கையைச் சுட்டுக்கொண்டார்கள். கை சுட்டவர்கள் கூட்டம் வைத்தியசாலையில் அதிகமானதால் பஜ்ஜியையே தடைசெய்தார். அப்படியும் பேச்சு அடங்காததால் சபையைக் கூட்டினார்.

"மகாராஜா, ஒரு நாவலும் நாட்டு நடப்பும் ஒத்துப்போவது ராஜாங்கத்துக்கு இழிவு. ஒன்றை மாற்றியாக வேண்டும். நாவல் அச்சாகிவிட்டது, மாற்ற முடியாது. தங்கள் செயல்கள் தெய்வச் செயல்கள், அவற்றையும் மாற்ற முடியாது. ஆகவே குடிகளின் செயல்களை மாற்றிவிடலாம்."

"அற்புதம்!" என்றார் மகாராஜா.

ஒற்றுமைத் தடைச் சட்டம் இப்படித்தான் பிறந்தது. நாவலில் குடிகள் செய்வதாக வரும் எதையும் நாட்டில் குடிகள் செய்யக்கூடாது. நாவலில் ஒரு கல்யாணம் வந்தது, கல்யாணங்கள் நிறுத்தப்பட்டன. மருத்துவச்சி ஒருத்தி வந்தாள்; மருத்துவச்சிகள் வீட்டோடு முடக்கப்பட்டார்கள். ஒரு கிழவர் கிணற்றில் தண்ணீர் இறைத்தார். கிணறுகளுக்கு மூடி போட்டார்கள். ஏற்கெனவே சின்னப் படியில் அரிசி வாங்கி அரைவயிறு உண்டவர்கள், இப்போது அதை வேகவைக்கத் தண்ணீருக்கு அலைந்தார்கள். ஜனங்கள் பட்டினி கிடப்பதாகச் சேவகர்கள் வந்து சொன்னபோது, "அது பட்டினி அல்ல, விரதம், நாட்டில் பக்தி பெருகிவிட்டது" என்று முரசு முழங்கியது. அந்த வாக்கியமும் நாவலில் அப்படியே இருந்தது.

வித்யாபதி கொதித்துப் போனார். நாவலாசிரியை மேல் வழக்குப் போட்டார். குற்றம் உறுதியானால் ஆயுள் முழுக்கப் பாதாளச் சிறை. உறுதியாவது எப்படி? அந்த நாட்டில் அதற்கு ஒரே வழிதான். நாவலுக்கும் நாட்டு நடப்புக்கும் பத்துப் பொருத்தம் பார்த்துச் சொல்லும்படி மாசிலாமணிக்கு உத்தரவு வந்தது.

ராவுத்தர் கடையிலிருந்து பறிமுதல் செய்த எண்ணெய்த் தாள்களை வரிசைப்படுத்தி வைத்துக்கொண்டு மாசிலாமணி படிக்க உட்கார்ந்தார். அதற்கு முன்னால் அவர் நாவல் என்று ஒன்றைப் படித்தவரல்ல. தேதி, நடப்பு, பொருத்தம் என்று குறித்துக்கொண்டே போனவர், நாலாவது அத்தியாயத்தில் குறிப்பதை மறந்துவிட்டார். ஆறாவதில் வாய்விட்டுச் சிரித்தார். ஒன்பதாவதில், கஜானா மைத்துனர் கைக்குப் போகும் இடத்தில், அதைச் சரியென்று சொல்லிவிட்டுச் சோறு இறங்காமல் உட்கார்ந்திருக்கும் ஒரு மனுஷனைப் பற்றி நாலே வரி வந்தது. மாசிலாமணி தாளைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார், அந்த நாலு வரியில் திட்டு இல்லை. இத்தனை ஜாதகம் புரட்டியும் ஒரு மனுஷனையாவது நாம் இப்படிப் பார்த்தோமா என்று அவருக்குத் தன் தொழில்மீதே வெட்கம் வந்தது. இதை எழுதிய கை சிறையில் கிடக்கக்கூடாது என்று அப்போதே தீர்மானித்துவிட்டார். எப்படி என்றுதான் தெரியவில்லை.

இதில் ஒரு சிக்கலும் இருந்தது. ராவுத்தர் நாவலைப் பின்னாலிருந்து கிழித்தவர். அதனால் கடைசி அத்தியாயம் ஒரு பிரதியிலும் இல்லை. ஊரே அதைத் தின்று கை துடைத்துப் போட்டுவிட்டது.

விசாரணை என்று சொல்லிக்கொண்டு மாசிலாமணி பாத்திரக்கடைக்குப் போனார். கல்யாணங்களுக்கு அண்டா, குத்துவிளக்கு, ஜமக்காளம் வாடகைக்கு விடும் கடை. கல்யாணம் நின்றுபோனதால் அண்டாக்கள் கூரை முட்ட அடுக்கிக் கிடந்தன. அவற்றின் நடுவே அஞ்சுகம் ஒரு செம்பைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தன் நாவலில் வந்த கல்யாணத்தால் தன் பிழைப்பே போன ஒரே எழுத்தாளர் உலகத்தில் அவளாகத்தான் இருப்பாள்.

"அம்மா, உங்களுக்கு ஜோசியம் தெரியுமா?" என்று கேட்டார் மாசிலாமணி.

"ஜோசியமா? எனக்கு எதுக்குங்க அது?"

"பின்னே இவ்வளவும் முன்கூட்டியே எப்படித் தெரிஞ்சது?"

அஞ்சுகம் ஒரு பெரிய அண்டாவைக் காட்டினாள். "இதை வாடகைக்கு எடுத்துட்டுப் போறவங்க எங்கேயாவது போட்டு நசுக்கிடுவாங்க. திருப்பிக் கொண்டாரப்போ என்ன செய்வாங்க தெரியுமா? நசுங்கின பக்கத்தைச் சுவத்துப் பக்கமா திருப்பி வச்சுட்டு, 'வரேன் அக்கா'ன்னு சிரிச்சுட்டுப் போயிடுவாங்க. பணக்காரங்க, படிச்சவங்க எல்லாருந்தான். நாட்டை நசுக்கினவன் மட்டும் வேற மாதிரியா செய்வான்? அதைத்தான் எழுதினேன். இவர் வந்து அதையே செய்வார்னு நான் கண்டேனா?"

மாசிலாமணி அந்த அண்டாவை மெல்லத் திருப்பி, நசுங்கின பக்கத்தைப் பார்த்தார். கையெடுத்துக் கும்பிடவேண்டும் போலிருந்தது. கூச்சப்பட்டுக்கொண்டு, "முடிவு என்னம்மா?" என்று மட்டும் கேட்டார்.

"முடிவா? ஏரி நிரம்பிடுச்சுன்னு ராஜா தெப்பத் திருவிழா நடத்துறான். தெப்பம் சேத்துல சிக்கிக்குது. இறங்குறான். முழங்கால் வரைக்கும் சேறு. கைக்குத் தட்டுப்படுது, தான் இறக்கி நட்ட அளவுகல். அப்படியே வெட்கப்பட்டு அழுதுடறான். தானே அதைப் பிடுங்கிக் கொண்டுபோய்ப் பழைய இடத்துல நடறான். அவ்வளவுதான்." செம்பை மறுபடியும் தேய்க்கத் தொடங்கினாள். "கதைன்னா முடிவு நல்லா இருக்கணுமேன்னு அந்த இடத்துல மட்டும் கொஞ்சம் பொய் சேர்த்தேன்."

மறுநாள் காலை முரசு அறிவித்தது: "ஏரி நிரம்பியதைக் கொண்டாடும் பொருட்டு மகாராஜா நாளை தெப்பத் திருவிழா நடத்துவார்."

மாசிலாமணிக்குப் புல்லரித்தது. தெப்பம் விடும் இடத்தில் முதல் ஆளாகப் போய் நின்றார். அவர் மனசு இரண்டாகப் பிளந்து கிடந்தது. ராஜா வெட்கப்பட்டால் பத்தாவது பொருத்தமும் பொருந்திவிடும். அஞ்சுகம் சிறைக்குப் போவாள். ஆனால் நாடு பிழைக்கும். வெட்கப்படாவிட்டால் அவள் பிழைப்பாள். எதை வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் சாமியைப் பேர் சொல்லாமல் கும்பிட்டார்.

பூவும் தோரணமுமாகத் தெப்பம் புறப்பட்டது. நாலடி போனதும் சேற்றில் சிக்கியது. மகாராஜா இறங்கினார். முழங்கால் வரை சேறு. தடுமாறி ஊன்றிய கையில் அளவுகல் அகப்பட்டது. மாசிலாமணி தன்னையறியாமல், "வெட்கப்படுங்க, மகாராஜா, ஒரே ஒரு தடவை" என்று முணுமுணுத்தார்.

மகாராஜா கல்லைப் பார்த்தார். சேற்றைப் பார்த்தார். வறண்ட கரையில் நின்ற ஜனங்களைப் பார்த்தார். கல்லின்மேல் ஏறி நின்று கையசைத்தார். பிறகு நாற்பது பேரை இறங்கச்சொல்லித் தெப்பத்தைத் தோளில் சுமக்க வைத்து, அதில் ஏறிக் கரையைச் சுற்றி வந்தார். "தெப்பம் நீரைத் தொடாமலே மிதந்த அதிசயம்" என்று மறுநாள் முரசு சொன்னது.

சபை கூடியது. அஞ்சுகத்தை நடுவில் நிறுத்தியிருந்தார்கள். பாதாளச் சிறையின் சாவிக்கொத்தோடு காவலன் ஒருவன் தயாராக நின்றான்.

"எத்தனை பொருத்தம்?" என்றார் வித்யாபதி.

மாசிலாமணி கையிலிருந்த தாளைப் பிரித்தார். "தினம் பொருந்துகிறது. கணம்... இரண்டும் ஒரே கணம். எது என்று கேட்கவேண்டாம். மகேந்திரம் முதல் வசியம் வரை தடையில்லை. வேதையும் பொருந்துகிறது. ஆக ஒன்பது."

காவலன் சாவியைக் குலுக்கினான்.

"ஆனால் ரஜ்ஜு தட்டுகிறது, மகாராஜா."

சபை திடுக்கிட்டது. மற்ற ஒன்பதும் பொருந்தினாலும் ரஜ்ஜு தட்டினால் சம்பந்தமே கூடாது என்பது அந்த நாட்டில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும்.

"விளக்கமாகக் கூறும்" என்றார் வித்யாபதி.

"நாவலின் உயிர்நாடி அதன் முடிவு. அந்த ராஜா தெப்பம் சிக்கியதும் சேற்றில் இறங்கி வெட்கப்படுகிறார். நம் மகாராஜாவும் அதே சேற்றில் இறங்கினார். நாடே பார்த்தது. திருமுகத்தில் வெட்கம் மருந்துக்கும் இல்லை."

மாசிலாமணி கண்ணை மூடிக்கொண்டார். தலை போகும் என்றே நினைத்தார்.

மகாராஜா முன்னால் குனிந்தார். "அந்த ராஜா உண்மையிலேயே வெட்கப்பட்டானா?"

"அழவும் செய்தார், மகாராஜா."

"சீ, கோழை! அவனையா எனக்கு ஒப்பிட்டீர்கள்? நான் வெட்கப்பட்டதே கிடையாது!"

"பட்டத்துக்கு வருமுன்பே கிடையாது!" என்று முந்திக்கொண்டார் வித்யாபதி.

"நான் சாட்சி" என்றார் கஜானா மைத்துனர். சேனாபதியும் சாட்சி சொன்னார். அப்புறம் சபையில் ஒருவர் பாக்கியில்லை. ராஜாவின் வெட்கமின்மைக்கு நேரில் கண்ட உதாரணங்களை ஆளுக்கொன்றாக எடுத்துச் சொல்லிப் போற்றினார்கள். மகாராஜாவுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. வழக்கைத் தள்ளினார். ஒற்றுமையே இல்லையென்று ஆனபின் ஒற்றுமைத் தடைச் சட்டம் எதற்கு என்று அதையும் பஜ்ஜித் தடையையும் ரத்து செய்தார். தீர்ப்பைத் தினமும் முரசறையும்படி ஆணையிட்டார்.

மறுநாள் சந்தைத் திடலில் முரசு முழங்கியது. "இதனால் சகலருக்கும் தெரிவிப்பது! நாவலில் வரும் ராஜாவுக்கு வெட்கம் உண்டு. நம் ராஜாவுக்கு வெட்கம் கிடையாது என்பது பத்துப் பொருத்தமும் பார்த்து நிரூபிக்கப்பட்டது!"

அடுப்பை அன்றைக்குத்தான் மறுபடி மூட்டியிருந்த ராவுத்தர், ஜல்லிக்கரண்டியும் கையுமாக முதலில் சிரித்தார். தண்ணீர்க் குடத்தோடு போன பெண்கள் குடத்தை இறக்கிவைத்துவிட்டுச் சிரித்தார்கள். பசியோடு இருந்தவர்கள்தான் அதிகம் சிரித்தார்கள். அறிவிப்பாளன், கைதட்டுகிறார்கள் என்று எண்ணி இன்னும் உரக்க இன்னொரு தடவை வாசித்தான்.

மாசிலாமணி பாத்திரக்கடைக்கு வந்தபோது அண்டாக்களில் பாதி கல்யாணங்களுக்குப் போயிருந்தன. மீதியை அஞ்சுகம் துடைத்துக்கொண்டிருந்தாள். தூரத்தில் முரசும் அதன்மேல் ஊர்ச்சிரிப்பும் கேட்டுக்கொண்டே இருந்தன.

"இது எனக்குத் தோணவே இல்லையே, ஐயா" என்றாள் அவள். அவரை நிமிர்ந்து பார்த்த பார்வையில் மரியாதை இருந்தது. அரண்மனை கொடுத்த பட்டுச் சால்வைகள் எதிலும் மாசிலாமணி அதைக் கண்டதில்லை. "நசுங்கின பக்கத்தைச் சுவத்துப் பக்கமா திருப்பி வைப்பாங்கன்னுதான் நான் எழுதினேன். நீங்க அவர் கையாலேயே அதை ஊர்ப்பக்கமா திருப்பி வைக்க வச்சுட்டீங்களே."