ஒன்பது வோல்ட்

பேஸ் கிடாரிலிருந்து சத்தம் வரவில்லை என்பதை முதலில் கவனித்தவர் அதை வாசித்துக்கொண்டிருந்தவர்தான். சரியாகச் சொன்னால், அவர் ஒருவர்தான் கவனித்தார்.

இரண்டாவது பாட்டின் நடுவில் அது நடந்தது. விரல் தடித்த கம்பியை இழுத்தது, கம்பி ஒழுங்காக ஆடியது, பின்னாலிருந்த ஸ்பீக்கர் பெட்டி மட்டும் வாயைத் திறக்கவில்லை. பாடகி பாடிக்கொண்டிருந்தார். டிரம்ஸ் அதிர்ந்துகொண்டிருந்தது. கீபோர்டுக்குப் பின்னால் லீடர் கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

கூடத்தின் கடைசியில் மிக்சர் முன்னால் உட்கார்ந்திருந்த சவுண்டுக்காரரைப் பார்த்து இவர் தன் காதைத் தொட்டுக் கையை விரித்தார். சவுண்டுக்காரர் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். கச்சேரி தொடங்குவதற்கு முன்பும் அவர் அப்படித்தான் காட்டியிருந்தார்.

பேண்டில் இவருக்குத் தூண் என்று பெயர். பின்வரிசையில் நின்ற இடத்தை விட்டு அசைய மாட்டார் என்பதால் வந்த பெயர். பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பார். "இப்ப நல்லா தெரியுதா, இல்ல முன்னாடியா?" என்று ஊரைக் கேட்கிற மனிதர், மாலையில் மேடையேறிவிட்டால் யார் கண்ணுக்கும் படமாட்டார். மனைவி கச்சேரி வீடியோக்களைப் பார்த்துவிட்டு, "பாடகிக்குப் பின்னாடி தெரியற சட்டைக் கை உங்களோடதுதான், நான் தேச்சதுதான்" என்று சந்தோஷப்படுவாள். "ஆனா நீங்க வாசிக்கறது எதுன்னு மட்டும் இன்னும் பிடிபடலைங்க."

பதினோரு வருஷமாகப் பிடிபடவில்லை. அதையெல்லாம் தூண் பொறுத்துக்கொண்டார். போன வாரம் லீடர் சொன்னதைத்தான் பொறுக்க முடியவில்லை.

"தப்பா எடுத்துக்காதே. அடுத்த மாசத்துலேருந்து பேஸை நானே கீபோர்டுல இடது கையால வாசிச்சுக்கறேன். உன் பெட்டி வேன்ல ரெண்டு ஆள் இடத்தை அடைக்குது."

"பதினோரு வருஷமா வாசிக்கறேனே."

"யாராவது ஒருத்தர் கேட்டேன்னு சொல்லியிருக்காங்களா?"

தூண் யோசித்தார். ஒருமுறை பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். ஆனால் அது புகார்.

லீடருக்குக் கொஞ்சம் மனசு கரைந்தது. "சரி, ஒண்ணு செய்யலாம். அடுத்த வாரம் கம்பெனி விழா. கடைசிப் பாட்டுல எட்டுத் தாளம் நாங்க எல்லாரும் நிறுத்தறோம், நீ மட்டும் வாசி. கூட்டத்துல ஒரே ஒரு ஆள் திரும்பிப் பார்த்தாப் போதும், நீ இருக்கே."

தூண் கங்கணம் கட்டிக்கொண்டார். அன்றிலிருந்து வாரம் முழுக்க அந்த எட்டுத் தாளத்தைத்தான் வாசித்தார். காலையில் பல் துலக்கும் முன் ஒருமுறை, கடையிலிருந்து வந்ததும் நாற்பது முறை. கிடாரைக் கழற்றி வைக்கவே மனசு வராமல் ஒயரைச் சொருகியபடியே கட்டில் ஓரம் சாய்த்து வைப்பார்.

அங்கேதான் வினை வந்தது. அவருடைய கிடாருக்குள் ஒன்பது வோல்ட் பாட்டரி ஒன்று இருந்தது. ஒயர் சொருகியிருக்கும்வரை, வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும் அது கரைந்துகொண்டே இருக்கும். இதைத் தூண் குறைந்தது ஏழு பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

இரண்டாவது பாட்டு முடிந்ததும் டிரம்ஸ் பக்கம் குனிந்தார். டிரம்ஸ் வாசிப்பது மனைவியின் தம்பி.

"பாட்டரி போச்சுடா."

"எப்ப மாமா?"

"பாதிப் பாட்டுல."

"அப்படியா? எனக்கு ஒண்ணும் தெரியலையே. என்னமோ கை மட்டும் ஓடலைன்னு பார்த்தேன்."

மேடைக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்த கூட்டம் அதற்குள் மெலிந்திருந்தது. வலப்பக்கத்துத் தடுப்புக்கு அந்தப்பக்கம் சாப்பாட்டுக் கூடம். ஆட்கள் இரண்டு மூன்று பேராக அங்கே நழுவினார்கள்.

"பசி போல," என்றார் லீடர். "பசி வந்தா பத்தும் பறந்துடும். வேகமா ஒரு பாட்டு எடு."

வேகமான பாட்டை எடுத்தார்கள். மிச்சம் இருந்தவர்களும் சாப்பிடப் போனார்கள்.

மைத்துனனின் கண் மேடை ஓரத்து மேஜைமேல் விழுந்தது. ஒயர் இல்லாத மைக் ஒன்று சும்மா கிடந்தது. பின்மூடியைத் திறந்தால் உள்ளே அதே ஒன்பது வோல்ட் பாட்டரி.

"எடுங்க மாமா. சும்மாதானே கிடக்கு."

நாலாவது பாட்டு தொடங்கும்போது தூணின் பெட்டி உறுமியது. அந்த உறுமல் பாதத்தின் வழியாக ஏறி முழங்காலுக்கு வந்தபோது தூணுக்கு உயிர் வந்தது. இனி யார் என்ன செய்ய முடியும் என்று நினைத்தார். கூட்டமும் கையைத் துடைத்துக்கொண்டே திரும்பி வந்து ஆட ஆரம்பித்தது.

"பார்த்தியா, என் பாட்டு செலக்‌ஷன்," என்றார் லீடர்.

பாட்டு முடிந்ததும் சாப்பாட்டுக் கூடத்திலிருந்து டை கட்டிய ஒருவர் மூச்சிரைக்க வந்தார். அங்கே பரிமாறுவதெல்லாம் அவர் பொறுப்பு. "சார், தடுப்புக்கு அந்தப்பக்கம் டம்ளரை அடுக்கி வச்சிருக்கேன். உங்க சத்தத்துல எல்லாம் கிடுகிடுன்னு ஆடுது சார். கொஞ்சம் பார்த்து வாசிங்க."

"என் கீபோர்டு அப்படி," என்று லீடர் பெருமையோடு தலையசைத்தார்.

ஐந்தாவது பாட்டும் நன்றாகப் போனது. அது முடிந்ததும் கம்பெனிச் சேர்மன் பேச எழுந்தார். மேஜைமேல் இருந்த மைக்கை எடுத்தார். வாயைத் திறந்தார், மூடினார், மைக்கைத் தட்டினார். மொத்தக் கம்பெனியும் நிமிர்ந்து உட்கார்ந்து, வராத பேச்சை மரியாதையாகக் கேட்டது.

லீடர் மேடையைச் சுற்றிப் பார்த்தார். கடைசியில் பார்வை தூணின் முகத்தில் வந்து நின்றது. கடையில் எத்தனையோ பேர் முகத்தைக் கிட்டத்தில் பார்த்துப் பழகியவர் தூண், ஆனால் தன் முகத்தில் எதையும் மறைக்கத் தெரியாதவர்.

பாட்டரி மைக்குக்குத் திரும்பிப் போனது. சேர்மன் இருபது நிமிஷம் பேசினார். ஆறாவது பாட்டுக்குப் பெட்டி மறுபடி ஊமை.

"விடுங்க மாமா," என்றான் மைத்துனன். "சும்மா கையை ஆட்டிட்டு நில்லுங்க. யாருக்குத் தெரியப் போகுது?"

"அதைத்தான்டா லீடரும் சொல்றாரு," என்றார் தூண். "விட மாட்டேன்."

கண்ணாடிக் கடைக்காரருக்குக் கணக்கு தெரியும். ஒன்றரை வோல்ட் செல் ஆறு சேர்த்தால் ஒன்பது. பாடகி தனியாகப் பாடிய மெதுவான பாட்டின்போது அவர் வாழ்க்கையில் முதல்முறையாக நின்ற இடத்தை விட்டு அசைந்தார், மேடையை விட்டே இறங்கினார். கூட்டம் மறுபடி சாப்பாட்டுப் பக்கம் போயிருந்ததால் வழி காலியாக இருந்தது.

போட்டோக்காரர் ஃப்ளாஷிலிருந்து கழற்றிய நாலு செல்களைக் கொடுத்தார். "தீரப் போகுது, பரவால்லையா?" என்றார். பரவாயில்லை. ஐந்தாவது, வாசலுக்கு மேலே மாட்டியிருந்த சுவர்க் கடிகாரத்திலிருந்து கிடைத்தது. நாற்காலி மேல் ஏறி எடுத்தார். ஆறாவதுக்கு ஏசி ரிமோட்டைத் திறந்தார். அதில் இரண்டு இருந்தன. ஒன்று போதும், ஒன்றை எடுத்தாலும் இரண்டை எடுத்தாலும் பாவம் ஒன்றுதான் என்று தெரிந்தும் ஒன்றை மட்டும் எடுத்தார்.

மைத்துனன் டிரம்ஸ் குச்சிக்குச் சுற்றும் டேப்பால் ஆறையும் வரிசையாக ஒட்டினான். ஓர் அடி நீளத்துக்கு வந்த அந்தக் கோலை ஒயரால் கிடாரோடு இணைத்து, தோள் வார்ப்பட்டையில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு, தூண் எட்டாவது பாட்டுக்கு நின்றார்.

பெட்டி உறுமியது. தட்டைப் பாதியில் வைத்துவிட்டு ஆட்கள் ஓடி வந்தார்கள். சேர்மனே கோட்டைக் கழற்றினார்.

அதற்குக் காரணம் ஆட்டம் மட்டும் இல்லை. ஏசி ஏதோ ஒரு சூட்டில் மாட்டிக்கொண்டு, குறைக்க வழியில்லாமல் நின்றிருந்தது. லீடரின் வியர்வை கீபோர்டின் மேல் சொட்டியது. ஆனாலும் அவர் உற்சாகமாக இருந்தார். "மணி ஏழு நாப்பதுதான் ஆகுது. எட்டரைக்குத்தான் முடிக்கணும். நிறைய நேரம் இருக்கு."

தூண் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அது ஏழு நாற்பதில் நின்றிருந்தது. அதன் உயிர் இப்போது இவர் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது.

உண்மையைச் சொன்னால் செல்லைத் திருப்பிக் கேட்பார்கள். சொல்லாவிட்டால் கச்சேரி நீளும், தீரப்போகிற செல் தீர்ந்தே போகும். இரண்டு பக்கமும் இடி. தூண் வாயைத் திறக்காமல், பயனில்லை என்று தெரிந்தும் ஒரு ஸ்வரத்துக்கு ஒருமுறைக்கு மேல் கம்பியைத் தொடாமல் சிக்கனமாக வாசித்தார்.

லீடர் இன்னும் ஒரு பாட்டு என்றார். பிறகு இன்னும் ஒன்று. ஒவ்வொரு முறையும் கடிகாரத்தைப் பார்த்துவிட்டே சொன்னார். டை கட்டியவர் தடுப்பு ஓரம் வந்து நின்று தன் கைக்கடிகாரத்தைத் தட்டித் தட்டிக் காட்டினார். லீடர் சுவர்க் கடிகாரத்தைக் காட்டிப் புன்னகை செய்தார்.

நாலாவது கூடுதல் பாட்டுக்குப் பிறகு கடைசிப் பாட்டு வந்தது. கூடம் நிறைந்திருந்தது. எல்லோரும் ஆடினார்கள். இந்த எட்டுத் தாளத்துக்காகத்தான் தூண் இத்தனையும் செய்தார், அது போய்விட்டால் அடுத்த மாதம் மாலையானால் எங்கே போவது என்று அவருக்குத் தெரியவில்லை.

லீடர் கையை உயர்த்தினார். பாடகி நிறுத்தினார். டிரம்ஸ் நின்றது. கீபோர்டு நின்றது.

தூண் முதல் ஸ்வரத்தை இழுத்தார். பெட்டியிலிருந்து "டொ" என்று ஒரு சத்தம் பாதி வந்தது. மீதி வரவில்லை.

அவர் நிறுத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டு எட்டுத் தாளத்தையும் வாசித்தார். ஒரு வாரம் கட்டில் ஓரத்தில் வாசித்ததைவிட நன்றாக வாசித்தார். அவருடைய நகம் கம்பியில் உரசும் சத்தம் மைத்துனனுக்கு மட்டும் கேட்டது.

கண்ணைத் திறந்தபோது கூட்டம் முழுக்கத் திரும்பியிருந்தது. சாப்பாட்டுக் கூடத்தின் பக்கம்.

பத்து நிமிஷம் கழித்து ஒயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தபோது லீடர் பக்கத்தில் வந்து நின்றார்.

"பார்த்தே இல்ல?"

"பார்த்தேன்."

"மனசுல வச்சுக்காதே. நீ நல்ல மனுஷன். பேஸ்தான் அப்படி, இருந்தாலும் இல்லேன்னாலும் ஒண்ணுதான்."

"அடுத்த மாசம் இங்கேயே இன்னொரு விழா இருக்குல்ல, அதுக்கு நான் வருவேன்," என்றார் தூண். "வேன்ல இடம் இல்லேன்னா பஸ்ல வருவேன். பெட்டியை மடியில வச்சுக்கிட்டு வருவேன்."

"பெட்டி உங்களைவிடக் கனம் மாமா," என்றான் மைத்துனன்.

"அப்ப நான் அது மடியில உட்கார்ந்து வரேன்."

சாப்பாட்டுக் கூடத்திலிருந்து டை கட்டியவர் வந்தார். சட்டை தெப்பமாக நனைந்திருந்தது, கையில் காலித் தட்டுகள் ஓர் அடுக்கு. கடிகாரம், ஏசி, நேரம் என்று எதைப் பற்றி வேண்டுமானாலும் அவர் கேட்கலாம் என்பதால் மேடையில் எல்லோரும் ஒயரைக் கவனமாகச் சுற்றினார்கள்.

"சார், என் டம்ளரை எல்லாம் ஆட்டினது யாரு? அந்தத் தடுப்புப் பக்கம் கிடுகிடுன்னு."

கீபோர்டு அப்படி என்று சொன்னவர் சட்டென்று விலகி நின்றார். "இவரு சார். இவரோட பெட்டி. நீங்க கவலைப்படாதீங்க, அடுத்த மாசம் இவரு வர மாட்டாரு."

டை கட்டியவரின் முகம் விழுந்துவிட்டது. தட்டுகளை அப்படியே மேடையின் மேல் வைத்தார்.

"ஐயோ, வராம எப்படி சார்? டம்ளர் ஆட ஆரம்பிச்சா மொத்தக் கூட்டமும் தட்டைப் பாதியில போட்டுட்டு ஆட ஓடுது, டம்ளர் ஆட்டம் நின்னா அடுத்த நிமிஷமே சாப்பிட வந்துடுது, மூணு தடவையும் பார்த்துட்டேன். அடுத்த மாசம் இவரு எப்பெப்ப நிறுத்துவாருன்னு மட்டும் எனக்கு முன்னாடியே எழுதிக் கொடுத்துடச் சொல்லுங்க."